மட்டாஞ்சேரித் துறைமுகத் தெரு – நேற்றும் இன்றும்

கொச்சிக்குப் பிழைக்க வந்த நம்மவர்கள் எல்லோருக்கும் மட்டாஞ்சேரி தெரியும். ஊரிலிருந்து உறவுக்காரர் வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போய் யூதப் பள்ளியையும் டச்சு அரண்மனையையும் காட்டுகிறோம். அப்படியே ஃபோர்ட் கொச்சிக்குப் போய்ச் சீன வலைக்கு முன்னால் நிறுத்தி ஒரு போட்டோ. இந்த இரண்டுக்கும் நடுவே காயலை ஒட்டி நீளமாக ஓடுகிற பஜார் ரோட்டை மட்டும் ஆட்டோவில் உட்கார்ந்தபடியே கடந்துவிடுகிறோம். ஊர் என்று ஒன்று இங்கே உண்டானதே அந்தத் தெருவால்தான். அரண்மனையும் கோயிலும் பள்ளிவாசலும் சர்ச்சும் அந்தத் தெருவில் விற்ற மிளகுக்குப் பின்னால் வந்தவை.

1980-களில் வந்தவாசிப் பக்கத்திலிருந்து மணிலாக்கொட்டை லோடோடு இங்கே வந்தவன் நான். பின்னாளில் வற்றல், மல்லி என்று வியாபாரம் விரிந்தது. கிடங்கு பஜார் ரோட்டில்தான். மூட்டை எண்ணிய நேரம் போக மீதி நேரத்தில் அந்தத் தெருவின் கதையைத் தேடித் தேடிப் படித்தேன். அதிலிருந்து கொஞ்சம் இங்கே தருகிறேன்.

கொச்சிக்கு முன்னே முசிறி. யவனர் கலங்கள் பொன் கொடுத்து மிளகு ஏற்றிப்போனதை அகநானூறு பேசுகிறது என்பது நம் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த செய்தி. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையை மண்மூடச் செய்து, தெற்கே கொச்சி அழிமுகத்தைத் திறந்துவிட்டது என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் வரலாறு. ஆறு ஒரு துறைமுகத்தை எடுத்துக்கொண்டு இன்னொன்றைக் கொடுத்தது. வண்டல்தான் இந்தக் கரையின் விதி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை இது நம்மோடு வரும்.

1500-ல் கப்ரால் வந்தார். 1503-ல் போர்ச்சுகீசியர் கோட்டை கட்டினார்கள். 1524-ல் வாஸ்கோ டகாமா இங்கேயே இறந்தார். 1555-ல் அவர்கள் ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்த அரண்மனையை, 1663-ல் அவர்களை விரட்டிவிட்டு வந்த டச்சுக்காரர் பழுதுபார்த்தார்கள். பழுதுபார்த்தவர் பெயரே நிலைத்துவிட்டது. கட்டினவனை யாரும் நினைப்பதில்லை. யூதர்களின் பரதேசி ஜெபாலயம் 1568-ல் எழுந்தது. 1795-ல் இங்கிலீஷ்காரன் கோட்டையைப் பிடித்தான், 1806-ல் அதே கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தான். இத்தனையும் கைடுகள் மூச்சு விடாமல் சொல்வார்கள், நான் நீட்டவில்லை.

அவர்கள் சொல்லாத ஒன்று நமக்கு முக்கியம். ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷ் மண். மலபார் ஜில்லாவோடு சேர்ந்தது. ஆகவே 1956 வரை அதற்குத் தலைநகரம் சென்னை! பக்கத்தில் மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் சீமை. ஒரே கரை, ஒரே காயல், நடந்தால் அரை மணி நேரம், ஆனால் இரண்டு ராஜ்யம். ஒரு பக்கம் சென்னையிலிருந்து கலெக்டர் வழியாக உத்தரவு வரும். மறுபக்கம் திவான் சொல்வதுதான் சட்டம். இன்றைக்கும் ஃபோர்ட் கொச்சி அகலமான தெருவும் நிழல் மரமும் மைதானமுமாக இருக்கிறது, மட்டாஞ்சேரி நெருக்கடியாக இருக்கிறது என்றால், வேர் அந்தக் காலத்தில் இருக்கிறது. துரைமார் குடியிருந்த இடம் அது, மூட்டை இறங்கிய இடம் இது.

தெரு எப்படி அமைந்தது?

பஜார் ரோட்டுக் கிடங்குகளைத் தெருப் பக்கமிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு கதவு, மேலே ஓட்டுக்கூரை, அவ்வளவுதான். உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். முன்னால் கடையும் கணக்குப்பிள்ளை மேசையும். நடுவில் வெயில் விழும் முற்றம். அங்கேதான் மிளகும் சுக்கும் மஞ்சளும் காயும். அதற்கும் பின்னால் இருட்டான பெரிய கிடங்கு. கடைசிக் கதவைத் திறந்தால் படிக்கட்டு, படிக்கட்டுக்குக் கீழே காயல். மலையாளத்தில் இதைப் பாண்டிகசாலை என்பார்கள். நம்முடைய பண்டகசாலைதான் அது, கொஞ்சம் உருமாறிக் கிடக்கிறது.

சரக்கு வருவது பின்பக்கமாக. ஆலப்புழை, கோட்டயம் பக்கத்திலிருந்து கெட்டுவள்ளங்கள் காயல் வழியாக வந்து பின்படியில் கட்டும். தரம் பிரித்து, காயவைத்து, மூட்டை கட்டி, மறுபடி அதே படி வழியாகவே படகில் ஏற்றி, வெளியே கடலில் நங்கூரமிட்ட கப்பலுக்கு அனுப்புவார்கள். சில்லறையும் பேச்சுவார்த்தையும்தான் தெருப்பக்கம். ஆக இந்தக் கட்டடங்களுக்கு முகம் காயலைப் பார்த்தே இருந்தது. தெருதான் அவற்றுக்குக் கொல்லை.

ஏன் கப்பல் உள்ளே வரவில்லை என்று கேட்கலாம். அழிமுகத்துக்குக் குறுக்கே ஒரு மணல்திட்டு. பெரிய கப்பல் அதைத் தாண்ட முடியாது; மழைக்காலத்தில் வெளிக்கடலில் சரக்கு ஏற்றுவது உயிரோடு விளையாட்டு. அதை வெட்டித் திறக்கச் சென்னை கவர்னராயிருந்த வில்லிங்டன் பிரபுவின் அரசு அனுப்பிய என்ஜினியர்தான் ராபர்ட் பிரிஸ்டோ. 1920-ல் வந்தார், 1941 வரை இருந்தார். வில்லிங்டன் பிரபு என்றே பெயர் வைத்த தூர்வாரும் கப்பலைக் கொண்டு திட்டை வெட்டினார். 1928 மே 26-ந் தேதி 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் உள்துறைக்குள் வந்தது. வாரி எடுத்த மண்ணைக் காயலிலேயே கொட்டி ஏறத்தாழ 780 ஏக்கரில் ஒரு தீவையே உண்டாக்கினார்கள். அதுதான் வில்லிங்டன் தீவு. 1936-ல் கொச்சி பெருந்துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டது.

ஊருக்கு இது பெரிய வாழ்வு. ஆனால் பஜார் ரோட்டுக்கு? கப்பல் இனி தீவில் கட்டும். ரயில் தீவுக்கு வந்தது, பாலம் வந்தது, லாரி வந்தது. சரக்கு தெருப்பக்கமாக வர ஆரம்பித்தது. வள்ளம் குறையக் குறையப் பின்படியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிடுச்சு. ஐம்பது அறுபது வருஷத்துக்குள் முகம் முதுகாகவும் முதுகு முகமாகவும் மாறின. நான் வந்தபோது பல கிடங்குகளில் காயல் பக்கக் கதவுக்கு உள்ளே மூட்டை அடுக்கி நிரந்தரமாக அடைத்தே வைத்திருந்தார்கள். வெளியே குப்பை மிதக்கும். அந்தக் கதவைத் திறந்து பார்த்தால் எதிரே வில்லிங்டன் தீவில் கப்பல் நிற்கும்!

இன்னொரு சங்கடம். லாரிக்காக உண்டான தெரு அல்ல அது. ஒரு லாரி நின்று இறக்கினால் இரண்டு பக்கமும் ஊர் நின்றுவிடும். இப்போதைய கண்டெய்னர் வண்டி திரும்பவே முடியாது. படகு போய்விட்டது, லாரியும் நுழைய முடியவில்லை என்றால் மொத்த வியாபாரம் எங்கே நிற்கும்? அகலமான ரோடு இருக்கும் இடத்துக்கு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். 2011-ல் கண்டெய்னர் கப்பல்களும் வல்லார்பாடத்துக்குப் போய்விட்டன.

மிளகுக்கு நடந்தது தனிக்கதை. 1957-ல் யூதத் தெருவில் மிளகுக்கென்றே முன்பேர வணிகம் தொடங்கியது. ஒரு கூடத்தில் தரகர்கள் கூடி நின்று விலையைக் கூவுவார்கள், கை காட்டுவார்கள். வெளியாளுக்குச் சந்தைச் சண்டை மாதிரி இருக்கும். உலகத்து மிளகு வியாபாரிகள் அந்தக் கூடத்து விலையைக் காது கொடுத்துக் கேட்ட காலம் உண்டு. கணினி வந்தது, 2003-க்குப் பிறகு தேசிய அளவிலான எக்ஸ்சேஞ்சுகள் வந்தன, கூவல் ஓய்ந்தது. யூதத் தெருவில் யூதர்கள் 1948-க்குப் பிறகு இஸ்ரேலுக்குப் போனார்கள், மிளகும் அதே தெருவை விட்டுப் போனது. அந்த இடத்துக்கு வந்தது பழம்பொருள் வியாபாரம். போய்ப் பாருங்கள், நம் செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூணும் நிலைக்கதவும் அங்கே சாத்திவைத்து விலை சொல்கிறார்கள். ஒரு ஊர் வீட்டை இடித்த மரம் இன்னொரு ஊரின் பழமையாக விற்கிறது. வியாபாரி என்ற முறையில் எனக்கு அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் பார்க்க மனசு கொஞ்சம் கனக்கிறது.

தோள் கொடுத்தவர்கள்

இந்தக் கரையின் பெருமை பேசுகிற புத்தகங்களில் வியாபாரி வருவான், ராஜா வருவார், சுமந்தவன் வரமாட்டான். கொச்சித் துறைமுகத்தில் 'சாப்பா' என்று ஒரு வழக்கம் இருந்தது. சாப்பா என்றால் உலோக வில்லை. காலையில் வேலைக்கு வந்து நிற்கும் கூட்டத்தை நோக்கி மேஸ்திரி வில்லைகளை வீசுவான். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை, மற்றவனுக்குப் பட்டினி. இதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர் உயிர் விட்டார்கள். 2023-ல் ராஜீவ் ரவி 'துறமுகம்' என்று இதையே படமாக எடுத்தார். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மலையாளம் புரியும், அவசியம் பார்க்கச் சொல்லுங்கள். சுமட்டுக்காரர்களின் கூலிச் சண்டையைப் பற்றி முதலாளிகள் நாம் குறை பேசாத நாள் கிடையாது. அந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிய வேண்டும் அல்லவா?

சமூகங்கள் என்று எடுத்தால் நாலைந்து சதுர கிலோமீட்டருக்குள் இத்தனை பேர் சேர்ந்து வாழும் இடம் இந்தியாவில் குறைவு. கொங்கணியர், கச்சி மேமன், போரா, குஜராத்தி பனியா, யூதர், ஆங்கிலோ இந்தியர், நாம். குஜராத்தி சமணர்களுக்குத் தர்மநாதர் கோயில் இருக்கிறது. மத்தியானம் அங்கே புறாவுக்குத் தீனி போடுவது ஊருக்கே ஒரு காட்சி. நாங்கள் திகம்பர வழி, அவர்கள் சுவேதாம்பரர், பூசை முறை வேறு. ஆனால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கணும் என்று சாயங்காலம் ஐந்தரைக்கு நான் கடையை விட்டு எழுந்தால், காரணம் கேட்காத ஒரே தெரு இதுதான்!

தமிழர் என்றதும் நாம் ஆபீசையும் கடையையும்தான் நினைப்போம். நமக்கெல்லாம் மூத்தவர்கள் ஃபோர்ட் கொச்சி வெளியில் இருக்கிற வண்ணார் குடும்பங்கள். டச்சுக்காரர் காலத்திலேயே சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது. குளத்தங்கரையிலும் வெட்டவெளியிலும் துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 1976-ல் கொச்சி வளர்ச்சி ஆணையம் தோபிகானா கட்டிக்கொடுத்தது. ஆளுக்கொரு துவைகல், தண்ணீர்த் தொட்டி, எதிரே உலர்த்தும் மைதானம். துணியைக் கொடியில் மாட்டக் கிளிப் கிடையாது. முறுக்கிய கயிற்றின் இடுக்கில் முனையைச் செருகிவிடுவார்கள், காற்றடித்தாலும் பறக்காது. கஞ்சி போட்டு, பெட்டியால் தேய்த்துக் கொடுக்கிறார்கள். இன்றைக்கும் வீட்டில் தமிழ்தான். பழைய நகரத்தைப் புதுப்பிப்பது என்றால் என்ன என்பதற்கு என் கண்ணுக்குப் பட்ட நல்ல உதாரணம் இதுதான். கட்டடத்தை அழகுபடுத்தியதோடு நிற்கவில்லை, தொழில் அதே இடத்தில் நிற்க வழி செய்தார்கள். இது நடந்தது, பாரம்பரியம் என்ற சொல் அரசாங்கக் கோப்புகளுக்குள் வருவதற்கு வெகு முன்னால்.

புதுப்பிக்கும் திட்டங்கள்

அந்தச் சொல் வந்த பிறகு நடந்ததைப் பார்ப்போம். 1967-ல் எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி மூன்று நகராட்சிகளும் சேர்ந்து கொச்சி மாநகராட்சி ஆனது. 2002-ல் மாநகராட்சி பாரம்பரியத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்று ஒரு மையத்தை அமைத்தது. 2012 டிசம்பர் 12-ல் முதல் பினாலே கலைவிழா. 1867-ல் தொடங்கிய ஆஸ்பின்வால் கம்பெனியின் காயலோரக் கட்டடம்தான் அதற்கு நடுக்கூடம். 2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் முதல் இருபது நகரங்களில் கொச்சியும் வந்தது. அதில் மேற்குக் கொச்சிக்கு ஒரு பங்கு ஒதுக்கினார்கள்.

பினாலேயைப் பற்றி வியாபாரிகளுக்குள் இரண்டு பேச்சு உண்டு. என் கணக்கு இது: பூட்டிக் கிடந்த கிடங்குகளின் காயல் பக்கக் கதவை முதன்முதலில் மறுபடி திறந்தது அவர்கள்தான். இடித்தால்தான் காசு என்று இருந்த ஓட்டுக் கட்டடத்துக்கு, இடிக்காமலும் காசு வரும் என்று காட்டியதும் அவர்கள்தான். அதற்கு நன்றி சொல்லணும். ஆனால் காசு வரும் என்று தெரிந்ததும் வாடகைக்காரன் கதி என்ன ஆகும் என்று எந்தத் திட்டத்திலும் எழுதவில்லை.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். பழைய கிடங்குகளில் பெரும்பாலும் வாடகைக்காரர்கள். 1965-ஆம் வருட வாடகைச் சட்டப்படி காலி செய்யச் சொல்வது லேசில்லை, வாடகையும் அந்தக் காலத்து வாடகை. வருகிற வாடகையில் ஓடு மாற்ற உடமைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. எங்கள் கிடங்கிலேயே ஒரு ஜூன் மாதம் கூரை ஒழுகி மணிலாக்கொட்டை மூட்டைகள் பூசணம் பிடித்தன. உடமைக்காரரிடம் போய் நின்றால், 'நீங்கள் தருகிற வாடகையில் ஒரு உத்திரம் வாங்க முடியுமா?' என்று கேட்டார். நஷ்டம் எனக்கு. ஆனால் அவர் கேள்வியிலும் நியாயம் இருந்தது. ஒழுகின கூரை உத்திரத்தை அரிக்கும், உத்திரம் விழுந்தால் சுவர் சாயும், கடைசியில் ஓட்டல் கட்ட வருகிறவர் தருகிற விலைக்கு இருவரும் தலையாட்டுவார்கள். மட்டாஞ்சேரிக் கிடங்குகளைச் சாய்ப்பது பேராசை என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை ஒழுகல்தான் முதல் காரணம்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. நம் பாண்டிச்சேரியில் வைசியாள் வீதியை 2002-க்கும் 2004-க்கும் இடையில் புதுப்பித்தார்கள். ஐரோப்பிய யூனியனின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்துப் பணம், இண்டாக் அமைப்பின் மேற்பார்வை. திண்ணையும் தாழ்வாரமும் உள்ள தமிழ் வீடுகளின் முகப்பு பழையபடி எழுந்தது. வீட்டுக்காரர்களும் செலவில் பங்கு போட்டார்கள், குடியிருந்தவர்கள் குடியிருந்தபடியே இருந்தார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் கிடைத்தது. பஜார் ரோட்டிலும் கூரைக்கு மட்டும், ஆம், கூரைக்கு மட்டும், பாதிப் பணம் பொது நிதியிலிருந்து கொடுத்து, பதிலுக்கு இத்தனை வருஷம் வியாபாரக் கிடங்காகவே வைத்திருக்கணும் என்று எழுதி வாங்கினால், நடைபாதைக் கல்லுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் ஆகிற செலவை விடப் பலன் அதிகம் என்பது என் கருத்து.

காயலோரமாக நீள ஒரு நடைபாதை போட வேண்டும் என்றும் பேசுவார்கள். படத்தில் அழகாக இருக்கும். ஆனால் இந்தக் கட்டடங்களின் படிக்கட்டு நேரே தண்ணீரில் இறங்குவது. நடைபாதை போட்டால் தண்ணீருக்கும் படிக்கும் நடுவே கான்கிரீட் வந்துவிடும். பிறகு அது பாண்டிகசாலையும் அல்ல, கடற்கரைப் பூங்காவும் அல்ல. அதை விடக் கிடங்குகளுக்கு இடையில் காயலுக்கு இறங்குகிற பழைய கடவுச் சந்துகளைச் சுத்தம் பண்ணித் திறந்துவிடலாம். தெருவில் போகிறவன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரைப் பார்ப்பான். ஓட்டலில் அறை எடுத்தவனுக்குத்தான் காயல் என்ற நிலைமை மாறும். காலையில் இத்தனை மணி வரை சின்ன லாரி, அதன் பிறகு வண்டி கிடையாது என்று ஒழுங்கு வைத்தால் மூட்டையும் இறங்கும், நடப்பவனும் நடப்பான். இதெல்லாம் காசில்லாத காரியம்.

குடியிருப்பு விஷயத்தில் ஒரு நல்லது நடந்திருக்கிறது. ஃபோர்ட் கொச்சி துருத்தியில் நெருக்கடியில் கிடந்த முந்நூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம் குடும்பங்களுக்கு அதே இடத்தில் இரட்டை அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பி 2025-ல் ஒப்படைத்தார்கள். பல வருடம் இழுத்த வேலைதான். ஆனாலும் ஊருக்கு வெளியே தள்ளவில்லை. வல்லார்பாடத்துக்கு ரோடு போட 2008-ல் மூலம்பள்ளியில் வீடுகளை இடித்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மறுபடியும் வண்டலுக்கு வருகிறேன். மட்டாஞ்சேரிக் கால்வாயில் ஆழம் குறைந்து, பழைய படகு ஜெட்டிக்குப் பல வருடம் படகே வராமல் கிடந்தது. எர்ணாகுளத்துக்குப் படகில் போய் வந்தவர்கள் பஸ்ஸில் ஏறித் தோப்பும்படி வழியாகச் சுற்றினார்கள். வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது. 38 துறைகள், 10 தீவுகள், 78 படகுகள் என்பது முழுத்திட்டம். ஜெர்மன் வங்கிக் கடன், கொச்சி கப்பல் கட்டும் தளத்தின் மின்படகு. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரித் துறையும் திறந்தது, அரண்மனைக்கு எதிரேயே. தெருவுக்கு மறுபடி ஒரு காயல் வாசல் கிடைத்தது. தூர் வாருவதை நிறுத்தினால் இதுவும் பழைய ஜெட்டி ஆகிவிடும். பிரிஸ்டோ காலத்திலிருந்து இந்தத் துறைமுகம் வாரிக்கொண்டே இருந்துதான் பிழைக்கிறது.

படகில் போகிறவர்கள் இறங்கியதும் யூதத் தெருப் பக்கம் திரும்பாமல், எதிர்ப்பக்கம் கால்வத்தியை நோக்கிப் பஜார் ரோட்டில் நடந்து போங்கள். பழைய கம்பெனிகளின் சுவரும் கதவும் இரண்டு பக்கமும் வரும். காலை பத்து மணிக்கு முன்னால் போனால் அரிசி மூட்டையும் பலசரக்கும் இறங்கிக்கொண்டிருக்கும். சீசனில் சில முற்றங்களில் சுண்ணாம்பு பூசிய சுக்கை இன்னும் வெயிலில் பரப்புகிறார்கள், வாசனை தெரு வரைக்கும் வரும்.